முதல் பந்தி

ராசப்பனுக்கு முன்பல் ஒன்று கிடையாது. அது கட்சிக்காகப் போனது. ஓட்டுச்சாவடி வாசலில் யாரோ கள்ள ஓட்டு என்று கத்த, ஆளாளுக்குத் தள்ளிக்கொண்டு விழுந்ததில், முழங்கையால் இடித்து அதை உதிர்த்தவர் சொந்தச் சித்தப்பன் மகன் கிட்டுசாமி. ராசப்பன் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர், கிட்டுசாமி அதற்கு நேர் எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர். ஒரே வளவு, ஊருக்கு வெளியே இவர்கள் ஆட்கள் குடியிருக்கிற இடம்; அடுத்தடுத்த வீடு. அந்தத் தேர்தலோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. கிட்டுசாமி வீட்டுக் கல்யாணத்துக்கு ராசப்பன் போய் மொய் வைத்தார், கை நனைக்கவில்லை. ராசப்பனின் மகள் நிர்மலா கல்யாணத்துக்குக் கிட்டுசாமியும் அப்படியே வந்து, அப்படியே போனார்.

கை நனைப்பது என்றால் ஒரு வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவது. பகை உள்ள வீட்டில் இந்தப் பக்கத்து ஆட்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் பகை முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி நாலு பேர் முன்னால் குறைவாக ஒரு சொல் வாயிலிருந்து வரக்கூடாது. படித்தவர்கள் கேட்டால் சிரிக்கலாம். ராசப்பன் மாட்டிக்கொண்டது இதில்தான்.

நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் ஓவர்லாக் டெய்லர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் தன் சொந்த மெஷினில் உட்கார்ந்து கட்சிக்குக் கொடி தைப்பார். கூலி கிடையாது, கேட்டதும் கிடையாது. பொதுக்கூட்டம் என்றால் கம்பெனிக்கு லீவு போட்டு வண்டி ஏறுவார். இத்தனைக்கும் கட்சி அவருக்குத் தந்தது சட்டம் போட்ட ஒரே ஒரு போட்டோ. தலைவருக்கு மாலை போடும் கூட்டத்தில் ராசப்பனின் தோள்பட்டை மட்டும் அதில் விழுந்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தத் தோளைக் காட்டி, "இது நானுங்க" என்பார். பாவம், அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

வளவுக்கு ஒரு கிணறு இருந்தது. ஊருக்குள் இருக்கிற கிணற்றில் இவர்கள் ஆட்களைக் கயிறு போட விடாத காலத்தில், ராசப்பனின் அப்பனும் அவர் வயசு ஆட்களுமாகச் சேர்ந்து பாறையை உடைத்து வெட்டிய கிணறு. கடும் கோடையிலும் வற்றாது. மயிலாத்தாள் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தத் தண்ணீரின் ருசிக்காகவே இந்த வளவில் நிலைத்தேன் என்று புருஷனைச் சீண்டுவாள். அந்தத் தண்ணீரை நம்பித்தான் எருமை வாங்கினாள். வெண்ணெய் எடுத்து ஊத்துக்குளிக்குக் கொண்டுபோய் விற்றாள்.

பிறகு மேட்டில் தரணீதரனின் சாயப்பட்டறை வந்தது. வெள்ளியங்கிரிக் கவுண்டரின் மகன் தரணீதரன். ராசப்பனின் அப்பன் வெள்ளியங்கிரியிடம் பண்ணையாளாக இருந்தவர். மகன் காலத்தில் வெள்ளாமைக் காடு போய்ப் பட்டறையாகி, பட்டறை பெரிய பிராசஸிங் மில்லாகி, துணி கப்பல் ஏறியது. கழிவைச் சுத்தம் செய்ய இயந்திரம் வைத்திருக்கிறோம் என்று வாசலில் போர்டு இருக்கிறது. மழை வந்தால் மட்டும் குழாயைத் திறந்து பள்ளத்தில் விட்டுவிடுவார்கள். மழைத் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும் என்ற எண்ணம். அது எங்கே போகும்? பள்ளத்தை ஒட்டி இருக்கிற கிணற்றுக்குத்தான் வரும். ஒரு மாசம் நீலம், ஒரு மாசம் கத்தரிப்பூ. வெளிநாட்டுக்காரன் அடுத்த சீசனுக்கு என்ன கலர் உடுத்தப்போகிறான் என்பது வளவுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று இளவட்டங்கள் கேலி பேசினார்கள். மயிலாத்தாளின் எருமை மாசம் நிறையும் முன்பே கன்று வீசியது. மறு ஈற்றும் அப்படியே போனது. எருமையை விற்ற அன்று அவள் மத்தைக் கழுவிப் பரணில் போட்டாள்.

அப்போதுதான் வளவு ஒன்றுகூடியது. கட்சி வேண்டாம், கிணறு வேண்டும் என்று கிணற்று மேட்டில் எல்லோரும் நின்றார்கள். ராசப்பனும் கிட்டுசாமியும் பல வருஷத்துக்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் நின்றது அன்றுதான். குழாயை அடைக்கிற வரைக்கும் தரணீதரன் வீட்டு வாசப்படி மிதிப்பதில்லை, அங்கே கை நனைப்பதில்லை என்று பேசி முடித்தார்கள். முதலில் வாய்விட்டுச் சொன்னவர் ராசப்பன்.

வழக்குப் போட வேண்டும். கிட்டுசாமியின் கட்சி அப்போது ஆட்சியில் இருந்தது. அவர் தன் மேலிடத்தில் போய்க் கேட்டார். "நம்ம ஆட்சியில நாமளே கேஸு போடறதா? பொட்டாட்ட வாய மூடிட்டு இருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். ராசப்பனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். தன் கட்சி வக்கீல் தங்கராஜிடம் ஓடினார். தங்கராஜ் காசு வேண்டாம் என்றார். வளவு மொத்தத்துக்கும் பேச ராசப்பனை முதல் வாதியாக நிறுத்தி, தரணீதரன் மேலும் கண்டும் காணாமல் இருந்த அதிகாரிகள் மேலும் வழக்குப் போட்டார். கோர்ட்டில் அவர் பேசிய பேச்சில் ஜன்னல் அதிர்ந்தது என்று ராசப்பன் வளவுக்கு வந்து சொன்னார். கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதிக்கச் சொல்லி நீதிபதி உத்தரவு போட்டார். அதற்குள் தேர்தல் வந்துவிட்டது.

தேர்தல் என்றால் கொடித் துணி மூட்டை மூட்டையாக வரும். அந்த முறை வந்த மூட்டையைப் பிரித்ததும் ராசப்பன் கை நின்றது. துணியைத் தொட்டால் எந்த மில்லில் ஓடியது என்று டெய்லருக்குத் தெரியாமல் போகுமா? தரணீதரன் மில் துணி. மூட்டையை இறக்கிவிட்ட அதே வண்டி, அப்படியே நகர்ந்து கிட்டுசாமி வீட்டு வாசலில் அவர்கள் கட்சிக்கான மூட்டையையும் இறக்கியது. துணி மட்டுமல்ல, வாகனம், மேடை, பந்தல், ஆட்களுக்குப் பிரியாணி எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கை கொடுக்கிறது என்று வண்டிக்காரரே சிரித்துக்கொண்டே சொன்னார்.

ராசப்பன் மூட்டையைப் பிரித்தபடியே போட்டுவிட்டுக் கிளம்பினார். தங்கராஜிடம் போய், "ஏனுங்க, அவருகிட்ட நாம வாங்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"வாங்கறது வேற, வழக்கு வேறீங்க ராசப்பன். ஜெயிச்சு வந்துட்டா கெணறு உங்களுது."

ராசப்பன் நம்பினார். கட்சிக்காரன் நம்பாமல் வேறு யார் நம்புவது? அந்தத் துணியில் ராத்திரி பகலாகக் கொடி தைத்துக் கொடுத்தார்.

கட்சி ஜெயித்தது. வளவு முழுக்க ராசப்பன் இனிப்புக் கொடுத்தார், கிட்டுசாமி வீட்டுக்கும் ஆள் மூலம் அனுப்பினார். அது திரும்பி வந்தது. "கட்சி இனிப்பு வேண்டாமாம், கேஸு ஜெயிச்சா வாங்கிக்கறாராம்" என்று கொண்டுபோனவர் சொன்னார். நியாயம்தான் என்று ராசப்பனும் சிரித்துக்கொண்டார்.

புது ஆட்சி வந்த சூட்டோடு தங்கராஜ் அரசு வழக்கறிஞர் ஆனார். ஆளும் கட்சி மாறினால் அரசு வக்கீல்களும் மாறுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ராசப்பன் அதை மறந்துபோயிருந்தார், அல்லது நல்லதுக்கு என்று நினைத்திருந்தார். அதிகாரிகள் மேல் நடந்த வழக்கில், அதிகாரிகளுக்காக நிற்க வேண்டிய இடத்தில் இப்போது தங்கராஜ். இது முறையில்லை என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்கி என்ன? ராசப்பன் பக்கம் அவருடைய ஜூனியர், அரசாங்கத்தின் பக்கம் அவருக்கு வேண்டிய இன்னொரு வக்கீல். தண்ணீரைச் சோதிக்கச் சொன்ன நீதிபதி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அது வழக்கமான மாற்றல் என்று சிலரும், எங்கோ ஒரு போன் போனது என்று சிலரும் பேசிக்கொண்டார்கள். எது நிஜம் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். எப்போது? பள்ளம் காய்ந்து வெடித்துக் கிடந்த சித்திரை மாசத்தில். கிணற்றுப் பக்கமே போகாமல், கழிவு எதுவும் ஓடவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ராசப்பன் தங்கராஜின் புது ஆபீசுக்குப் போய்க் காத்திருந்தார். கூப்பிட்டதும் உள்ளே போய் நின்றபடியே கேட்டார்.

"மழை பெய்யறப்ப வந்து பாக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்கல்லங்க."

"நம்ம ஆட்சி நடக்குதுங்க. நம்ம ஆட்சி அதிகாரி மேல நம்ம கிளைச் செயலாளரே கேஸு நடத்தறாருன்னு எதிர்க்கட்சிக்காரன் மைக்கு போட்டுப் பேச மாட்டானா? கொஞ்சம் பொறுங்க. தரணி நம்ம கட்சிக்கு எவ்வளவு செஞ்சிருக்காப்லன்னு உங்களுக்குத் தெரியாதது இல்ல. அவுரும் பேசி முடிச்சுக்கலாம்னுதான் சொல்றாரு."

கிட்டுசாமிக்கு அவர் கட்சியில் சொன்ன அதே வார்த்தை. ஆள்தான் வேறு. ராசப்பன் பஸ்ஸில் திரும்பி வந்தபோது இதைக் கிட்டுசாமியிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். சொன்னால் தன் கட்சியைத் தானே காட்டிக் கொடுத்ததாகிவிடும். வாயை மூடிக்கொண்டார்.

சில நாள் கழித்து அவர் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. தரணீதரன் இறங்கினார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பத்திரிகை. அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் வளவுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நிற்பதை யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வீடு ஆள் எட்டிப்பார்த்தது.

"ராசப்பண்ணா, புது ஊட்டுக்குப் புண்ணியார்ச்சனை வெச்சிருக்கறனுங்க. மந்திரி வாறாரு. நீங்களும் அக்காவும் அவசியம் வந்துபோடோணும்."

அண்ணா. ராசப்பனின் அப்பனை அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகூட டேய் என்றுதான் கூப்பிட்டது. ராசப்பனையே இதே தரணீதரன் வாலிபத்தில் பேர் சொல்லித்தான் விரட்டியிருக்கிறார். இப்போது அண்ணா. ராசப்பன் கை தானாக நீண்டு தாம்பாளத்தை வாங்கிக்கொண்டது.

கார் போனதும் மயிலாத்தாள் கேட்டாள். "கெணத்து மேட்டுல என்ன சொன்னீங்க? அதுக்குள்ள மறந்துபோட்டீங்களா?"

"மந்திரி வாறாரு. கிளைச் செயலாளருங்க எல்லாரும் வரோணும்னு கட்சியில சொல்லிட்டாங்க. நான் போகாம இருந்தா நல்லா இருக்குமா? போயித் தலையக் காட்டிப்போட்டு வந்தர்றன்."

"தலையக் காட்டிப்போட்டு வாங்க. கை நனைக்காதீங்க."

"செரி" என்றார். போகும்போது அந்த எண்ணத்தோடுதான் போனார். அதை நான் நம்புகிறேன்.

முன்வாசல் வழியாக உள்ளே போனார். வெள்ளியங்கிரியின் பழைய வீட்டில் அப்பன் பின்பக்கத்து வேலியோரம் நின்று, கொண்டுபோன போசியில் சோறு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்து தின்பார். சின்ன வயசில் ராசப்பனும் கூடப் போயிருக்கிறார். இப்போது தரணீதரன் அவர் தோளில் கை போட்டு, "மொதப் பந்தியிலயே உக்காருங்கண்ணா" என்று கூட்டிக்கொண்டு போனார். மந்திரிக்கு இரண்டு இலை தள்ளி ராசப்பனுக்கு இலை. அந்தப் பக்கம் தங்கராஜ். இந்தப் பக்கம் கிட்டுசாமி கட்சியின் வக்கீல் பூபாலன், அவருக்கு அடுத்து அந்தக் கட்சியின் மாவட்டத் தலைவர். மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டுகிறவர்கள் இங்கே ஒருவர் இலைக்கு ஒருவர் அப்பளம் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆட்களுக்காகவா பல்லை உதிர்த்துக்கொண்டோம், இவர்களுக்காகவா தம்பி கிட்டுசாமி வீட்டில் கை நனைக்காமல் வருஷக்கணக்காகத் திரிந்தோம் என்று ராசப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிடலாம் என்று காலை ஊன்றினார்.

அப்போது தரணீதரன் நெய்ச் சட்டியோடு வந்து குனிந்தார். "அண்ணா, ஊத்துக்குளி நெய்யுங்க. கையெடுங்க."

வெள்ளியங்கிரியின் மகன் குனிந்து நின்று பரிமாறுகிறார். அப்பன் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் ராசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பன் வெட்டின கிணறு அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. போசியோடு நின்ற அப்பன்தான் வந்தார். ராசப்பன் நெய்ச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். போட்டோக்காரர் அதைக் காத்துக்கொண்டிருந்தவர் போல எடுத்தார். இந்தப் போட்டோவில் தோள் மட்டுமல்ல, முழு ராசப்பனும் விழுந்தார்.

யார் அவரைக் குறை சொல்வது? மிரட்டியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பார். பணம் கொடுத்திருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பார். தலைமுறை தலைமுறையாகத் தராத ஒரு மரியாதையை அவர்கள் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்து, தங்களுக்குத் தேவைப்பட்ட அன்றைக்கு எடுத்து நீட்டினார்கள். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அடுத்த வாய்தாவில் தரணீதரனின் வக்கீல் அந்தப் போட்டோவைக் கொடுத்தார். இரு தரப்புக்கும் மனவருத்தம் எதுவும் இல்லை, பிரச்சினை பேசித் தீர்க்கப்பட்டது, அதிகாரிகள் அறிக்கையும் கழிவு இல்லை என்கிறது என்றார். ராசப்பனின் வக்கீல், அதாவது தங்கராஜின் ஜூனியர், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. புது நீதிபதி ராசப்பனை முன்னால் வரச்சொன்னார்.

"படத்துல இருக்கறது நீங்கதானா?"

"ஆமாங்கய்யா."

"விருப்பப்பட்டுத்தான் போனீங்களா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லீங்கய்யா."

"உங்களுக்கு இவர் மேல இன்னும் குறை இருந்தா இப்பச் சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். நீதிபதி காது கொடுத்துக் கேட்பார் போலத்தான் இருந்தது. கிணறு நாறுகிறது, எருமை போய்விட்டது, மழை வந்தால் வந்து பாருங்கள் என்று நாலு வார்த்தை. தரணீதரன் எதிரே நின்று ராசப்பனைப் பார்த்தார், பார்வையில் கோபம்கூட இல்லை. ராசப்பனுக்கு அந்த நெய்யின் மணம் நினைவு வந்தது. சாப்பிட்ட வீட்டுக்காரனை, பரிமாறிய கையை, சபையில் வைத்து எப்படிக் குற்றம் சொல்வது? நாக்கு எழவில்லை. மைக்கில்லாமல் மைதானம் முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு. அன்று அது எங்கே போனதோ தெரியவில்லை. தலையைக் குனிந்து நின்றார்.

நீதிபதி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதினார். வழக்கு முடிந்தது.

வளவில் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கம்பெனிக்குப் போகிற வேனில் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள், நல்லா இருக்கீங்களா என்று கேட்டார்கள், அவ்வளவுதான். தண்ணீர் லாரி வருகிற நாளில் மயிலாத்தாள் குடத்தோடு வரிசையில் நின்றால் முன்னால் பின்னால் பேச்சு நின்றுவிடும்.

நிர்மலாவுக்கு ஏழாம் மாசம். மாப்பிள்ளை வீட்டில் வளையல் போட்டு, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வளவுக்கே சோறு போட வேண்டும் என்று ராசப்பன் பந்தல் போட்டார். லாரித் தண்ணீர் வாங்கி மயிலாத்தாள் விடியலிலிருந்து சமைத்தாள். வளவுப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். வயிற்றில் இருக்கிற குழந்தை என்ன பாவம் செய்தது? நிர்மலாவுக்குச் சந்தனம் பூசி, வளையல் போட்டு, கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். பாட்டுக்கூடப் பாடினார்கள். பிறகு ஒவ்வொருவராக, "வாறனுங்க அக்கா, அடுப்புல வேல கெடக்குது" என்று கிளம்பினார்கள். ராசப்பன் இலைக்கட்டைப் பிரித்து வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார். உட்கார ஆள் வரவில்லை.

கடைசியாகக் கிட்டுசாமி வந்தார். நிர்மலா கையில் மொய்க் கவரைக் கொடுத்து, "நல்லபடியாப் பெத்தெடு கண்ணு" என்றார். திரும்பும்போது ராசப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிட்டு, ஒரு வாய் உக்காருடா."

"வேண்டாமுங்ண்ணா. மறுபடியும் கேஸு போடறோம். நான்தான் மொத வாதி. உங்க ஊட்ல தின்னுபோட்டு வந்தன்னா என்னையும் வளவு நம்பாது." பிறகு குரலில் ஒரு உற்சாகம் வந்தது. "எங்க கட்சி வக்கீலு பூபாலன் எடுத்திருக்காரு, காசே வேண்டாம்னுட்டாரு. அடுத்த எலக்சன்ல நாங்க வந்துட்டாக் கெணறு நம்முளுதுன்னு சொல்லிப்போட்டாரு."

ராசப்பன் பிடியை இறுக்கினார். "வேண்டாண்டா. அவன நம்பாத. அன்னைக்கு அவனும் மொதப் பந்திதான். என்ற எலைக்குப் பக்கத்து எலை. உங்க மாவட்டமும் அங்கதான் உக்காந்திருந்தாப்ல. நான் கண்ணால பாத்தன்."

கிட்டுசாமி கையை விடுவித்துக்கொண்டார். "தின்னது நீங்க. கோர்ட்ல வாயடைச்சு நின்னதும் நீங்க. இப்ப எங்க ஆளு மேலயும் அந்தப் பழியப் போடறீங்களா? உங்க கட்சி புத்தி உங்கள விட்டுப் போகாதுங்ண்ணா."

"சத்தியமாச் சொல்றன்."

"கெணத்து மேட்டுலயும் நீங்கதான் மொதல்ல சொன்னீங்க."

அவர் போய்விட்டார். ராசப்பனுக்கு இனி நடக்கப்போவது அத்தனையும் தெரியும். பூபாலன் கோர்ட்டில் ஜன்னல் அதிரப் பேசுவார். கட்சி ஜெயிக்கும். பூபாலன் அரசு வக்கீல் ஆவார். அதிகாரிகள் சித்திரையில் வருவார்கள். ஒருநாள் கிட்டுசாமி வாசலில் கார் நிற்கும். எல்லாம் தெரிந்தும் சொல்வதற்கு அவர் வாய்க்கு மதிப்பில்லை. வளவில் அவர் ஒருவர்தான் அந்தப் பந்தியைக் கண்ணால் பார்த்தவர், அவர் ஒருவர் சொல்தான் செல்லாது.

மேற்கே இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. பந்தல் ஒழுகியது. சற்றுக்கெல்லாம் பள்ளத்துப் பக்கமிருந்து அந்த வாடை வந்தது. குழாயைத் திறந்துவிட்டார்கள்.

ராசப்பன் சோற்றுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் தூக்கி வைத்தார். பிறகு ஓர் இலையை எடுத்துப் போட்டுத் தானே உட்கார்ந்தார். மயிலாத்தாள் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். காலையிலிருந்து அவளும் எதுவும் சாப்பிடவில்லை என்று அவருக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

"நீயும் உக்காரு, மயிலா."

மயிலாத்தாள் அந்த இலையைப் பார்த்தாள்.

"எனக்குப் பசிக்கலீங்க" என்று சொல்லிவிட்டு, கரண்டியைச் சோற்றிலேயே வைத்துவிட்டு மகள் இருந்த அறைக்குள் போனாள்.